பாதி வேறு, அரை வேறு

சென்னையிலிருந்து அத்தை போன் செய்தால் அப்பா நின்றுகொண்டே பேசுவார். அன்றைக்கும் அப்படித்தான் பேசினார். ஆனால் பேசி முடித்ததும் உட்கார்ந்துவிட்டார். ஏதோ சரியில்லை என்று எனக்கு அதிலேயே தெரிந்தது.

அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பியானோல தியரி எவ்ளோ தூரம் முடிச்சிருக்கா, அண்ணா?"

அத்தையின் பெண் என்னைவிட ஆறு மாதம் சின்னவள். சென்னையில் அவளும் பியானோ கற்றுக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஒரு நாள் வாசிப்பு, இன்னொரு நாள் தியரி. தியரிக்குத் தனி டீச்சர், தனிப் புத்தகம், தனி நோட்டு. கிரேடு பரீட்சையில் ஒரு நிலைக்கு மேலே போக வேண்டுமானால் முதலில் எழுத்துப் பரீட்சையில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வாசிக்கவே உட்கார விடமாட்டார்கள் என்று அத்தை சொல்லியிருந்தாள். இதை அப்பா அம்மாவிடம் சொன்னபோது அவர் குரலில் இருந்தது கோபமல்ல. கேள்வித்தாளில் தான் நடத்தாத பாடத்திலிருந்து கேள்வி வந்துவிட்டால் அப்படிப் பேசுவார்.

அப்பா திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தார். அவருக்கு உலகத்தில் எந்தப் படிப்பும் இரண்டு பங்கு: தியரி, ப்ராக்டிகல். ப்ராக்டிகல் மார்க்கை அவர் மதித்ததே இல்லை. கொடுத்த உப்பு என்ன உப்பு என்று கண்டுபிடிக்கத் தெரியாதவனுக்கும் லேப் அட்டெண்டர் ஜாடை காட்டிவிடுவார், எல்லோரும் ஏறக்குறைய முழு மார்க் வாங்கிவிடுவார்கள். மாணவர்களைப் பிரித்துக் காட்டுவது தியரிதான் என்பது அவர் கட்சி. நான் இரண்டு வருடமாகப் பாலக்கரைக்கு பஸ் ஏறிப் போய் வாசித்துவிட்டு வந்தது அத்தனையும் வெறும் ப்ராக்டிகல் என்று அந்த ஒரு போனில் ஆகிவிட்டது. அப்போது எனக்குப் பதினோரு வயது.

பியானோவுக்கு நான் போனதே ஒரு தோல்விக்குப் பிறகுதான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடையவளஞ்சான் வீதியிலேயே பாட்டு சொல்லிக்கொடுத்த மாமி ஒன்றரை வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொழந்தைக்குக் காது நன்னாயிருக்கு, தொண்டைதான் ஒத்துழைக்க மாட்டேங்கறது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். "தொண்டை இல்லேன்னா என்ன, விரல் பத்தும் இருக்கோல்லியோ" என்று அம்மா அன்றைக்கே அடுத்த வழி பார்க்க ஆரம்பித்தாள். என் பள்ளியில் காலைப் பிரார்த்தனைக்கு பியானோ வாசிக்க வரும் மிஸ் வீட்டிலும் சொல்லிக்கொடுப்பதாக யாரோ சொன்னார்கள்.

மிஸ்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேலப்புதூர் சர்ச்சுகளில் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார், மற்ற நாட்களில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பாலக்கரையில் தன் வீட்டில் வகுப்பு. முன்னறையை ஏறக்குறைய முழுவதும் அந்தப் பியானோவே அடைத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு ஜன்னல், ஒரு பிரம்பு நாற்காலி, தலைக்கு மேல் வேகம் குறைக்க முடியாத ஒரு மின்விசிறி. தாள்கள் பறக்காமலிருக்க இரண்டு துணி க்ளிப்புகள் எப்போதும் பியானோ மேலே கிடக்கும்.

வகுப்பு ஒரே மாதிரிதான் நடக்கும். புதிய தாளைக் க்ளிப் மாட்டி வைத்ததும் மிஸ் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, "என்ன எழுதிருக்கு, படி பாப்பா" என்பார். நான் ஒவ்வொரு கோடாக, ஒவ்வொரு சுரமாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். நடுவில் நிறுத்தி, "அங்க ஷார்ப் எதுக்கு வந்துச்சு?" என்று கேட்பார். "இந்த இடத்துல எத்தனை எண்ணணும்? கை தட்டிக் காட்டு." முழுப் பக்கமும் படித்து முடித்த பிறகுதான் கட்டையில் கை வைக்க விடுவார். உலகத்தில் எல்லா பியானோ வகுப்புகளும் இப்படித்தான் நடக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதையும் எழுதச் சொன்னதில்லை. எழுதியும் கொடுத்ததில்லை.

அப்பா முதலில் செய்தது மிஸ்ஸுக்குப் போன் போட்டதுதான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கொழந்தைக்கு நோட்ஸெல்லாம் குடுக்கறேளா?"

அந்தப் பக்கம் மிஸ் சிரித்தது எனக்கே கேட்டது. "என்ன சார், நோட்ஸ் இல்லாம எப்படி? தினம் நோட்ஸ்தான்."

அப்பா திருப்தியாகப் போனை வைத்தார். பிறகு என் பையைத் திறந்து நோட்டைத் தேடினார். ஐந்து கோடும் புள்ளிகளுமாக நாலு ஜெராக்ஸ் தாள்தான் இருந்தது.

"நோட்ஸ் குடுக்கறேன்னாளே. எங்கடி?"

அப்பா கேட்ட நோட்ஸ் வேறு, மிஸ் சொன்ன நோட்ஸ் வேறு என்பது எனக்குப் புரிந்துவிட்டது. மிஸ் சொன்னது சுரங்களை. அதை அப்போதே எடுத்துச் சொல்லியிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். அப்பா தப்பாகப் புரிந்துகொண்டார் என்று அப்பாவிடமே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் என்னை ஸ்கூட்டரில் கே.கே. நகருக்கு அழைத்துப் போனார். மாடியில் ஓர் இசைப் பயிற்சி நிலையம். ஏ.சி. போட்டிருந்தது. வெள்ளைப் பலகையில் அந்த வாரத்துத் தியரி எழுதியிருந்தது. வாரா வாரம் என்ன நடத்துவோம் என்று அச்சடித்த தாள் ஒன்றை அப்பாவிடம் கொடுத்தார்கள். அதை அவர் பாடத்திட்டம் படிப்பது போல வரி வரியாகப் படித்தார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். பத்துப் பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பத்துக் கீபோர்டில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சுரமும் வெளியே கேட்கவில்லை. பிளாஸ்டிக் கட்டைகள் தட்டுப்படும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் சொன்னார். "பாலக்கரைல தியரியே நடத்தலேன்னா இங்க மாத்திடலாம். அடுத்த ஞாயித்துக்கிழமை முடிவு பண்ணிடலாம்."

"நன்னா வாசிக்கறாளேன்னா?" என்றாள் அம்மா.

"வாசிப்பு யார் வேணா வாசிச்சுடலாம்."

அந்த மாடி அறையின் சத்தம் என் காதிலேயே இருந்தது.

தானே சரிபார்க்க வேண்டும் என்று அப்பா மெயின்கார்டு கேட் பக்கத்தில் பழைய புத்தகக் கடையிலிருந்து பியானோ தியரிப் புத்தகம் ஒன்று வாங்கி வந்து மேஜையில் வைத்திருந்தார். மாலையில் அவர் டியூஷன் எடுக்கும் நேரத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். அம்மாவிடம் கணக்குக்கு என்று சொல்லி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டேன். ஸ்கேல் வைத்து ஐந்தைந்து கோடாகப் போட்டேன். புத்தகத்திலிருந்த கேள்விகளை எழுதினேன், விடைகளை நானே எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வகுப்பு நாளான சனிக்கிழமைகளில் கடந்த இரண்டு மாதத்தினுடைய தேதியைக் காலண்டர் பார்த்துப் போட்டேன். ஐந்து மாலைகளில் ஒன்பது பக்கம் நிரம்பியது. கடைசியாக அப்பாவின் சிவப்புப் பேனா ஒன்றை எடுத்து எல்லா விடைக்கும் டிக் போட்டேன். மிஸ்ஸின் டிக் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததே இல்லை. அதனால் வால் நீளமாக, அவசரத்தில் போட்ட மாதிரி போட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டை அப்பாவிடம் கொடுத்தேன்.

"இவ்ளோ நாள் எங்க இருந்தது இது?"

"மிஸ் ஆத்துலயே வெச்சிருந்தா. நேத்திக்கு ஸ்கூல்ல கேட்டு வாங்கிண்டேன்."

அப்பா பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கு அவர் கண்ணுக்கு உண்டு. அன்று அந்தக் கணக்கு தப்பியது. நாலாம் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு ஏழாம் பக்கத்தில். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மினிம்ங்கற சுரத்துக்கு எத்தனை எண்ணணும்?"

"ரெண்டு."

"புள்ளி வெச்ச மினிம்?"

"ரெண்டரை."

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"புள்ளி வெச்சா பாதி கூடும்னு."

"எதுல பாதி?"

புத்தகத்தில் ஒரே ஒரு உதாரணம்தான் இருந்தது. ஒன்று எண்ண வேண்டிய சுரத்துக்குப் புள்ளி வைத்தால் ஒன்றரை. அதைப் பார்த்து, புள்ளி என்றால் அரை என்று முடிவு செய்து, இரண்டுக்கு இரண்டரை, நாலுக்கு நாலரை என்று பக்கம் முழுவதும் எழுதியிருந்தேன்.

"பாதி வேற, அரை வேற" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. "ரெண்டுல பாதி ஒண்ணு, அப்போ மூணு. நாலுல பாதி ரெண்டு, அப்போ ஆறு. நீ பண்ணினது பெரிய தப்பில்லை, எல்லாரும் பண்றதுதான். ஆனா இதுக்கு டிக் போட்டிருக்காளே."

நான் தரையைப் பார்த்தேன்.

"தியரி நடத்தலேன்னாகூடப் பரவால்லை. தப்பா நடத்தறான்னா ஒரு நாள்கூட விட முடியாது. நாளைக்கு நானும் வரேன்."

மிஸ்ஸைக் காப்பாற்றத்தான் அந்த நோட்டைச் செய்தேன். அதுவே மிஸ்ஸுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. டிக் போட்டது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் மிஸ் தப்பித்துவிடுவார். ஆனால் நோட்டே பொய் என்று ஆகிவிடும், அப்போது தியரியே நடக்கவில்லை என்று தெரிந்துவிடும், அப்போதும் கே.கே. நகர்தான். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஹெட்போன் அறையில்தான் வந்து முடிந்தது. மறுநாள் காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டர் போகும்போது, சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நினைத்தேன். பாலம் முடிந்துவிட்டது.

"வாங்க சார், உக்காருங்க. என்ன பாப்பா, அப்பாவையே கூட்டிட்டு வந்துட்டீங்க, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸு ஓடலையா?" என்றார் மிஸ்.

"கிளாஸ் நடக்கட்டும்" என்றார் அப்பா. "அப்புறம் ஒரு விஷயம் கேக்கணும்."

பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். மிஸ் புதிய தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் க்ளிப் மாட்டினேன். "என்ன எழுதிருக்கு, படி."

படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா" என்றார் மிஸ். இரண்டாவது வரியில் வந்தது அது. "மூணாவது கோட்டுல மினிம். பக்கத்துல புள்ளி."

"எத்தனை எண்ணணும்? வாசிச்சுக் காட்டு."

வாசித்தேன். என் விரல் கட்டையில் மூன்று எண்ணும்வரை சரியாக நின்றது. இரண்டு வருடமாக அது மூன்றுதான் எண்ணிக்கொண்டிருந்தது. அதையும் நோட்டில் நான் எழுதிய இரண்டரையையும் என் புத்தி சேர்த்துப் பார்த்ததே இல்லை. அப்பா நிமிர்ந்து பார்த்தது ஓரக்கண்ணில் தெரிந்தது.

வகுப்பு முடிந்ததும் அப்பா எழுந்து, நோட்டில் நாலாம் பக்கத்தைத் திறந்து மிஸ் கையில் கொடுத்தார்.

"இதெல்லாம் நீங்க திருத்தினதுதானே?"

மிஸ் நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் லேசாகத் திரும்பினார். நான் பியானோ ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்தது நோட்டின் பின் அட்டை மட்டும்தான். அதில் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் அச்சிட்டிருந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கங்கள் படபடத்தன. மிஸ் 'இல்லை' என்று சொல்லப்போகும் அந்த வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். பதிமூன்றாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்துவிட்டேன்.

"ஆமா சார்" என்றார் மிஸ். "நான் போட்டதுதான்."

"இந்த மினிம் கணக்குக்குக்கூடவா?"

"அவசரத்துல பாக்காம விட்டிருப்பேன் சார். என் தப்புதான்."

அப்பா நோட்டை வாங்கக் கை நீட்டினார். அந்தக் கை பாதியில் நின்றது. நோட்டைப் பார்த்தார். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக வாங்கி மூடிக்கொண்டார்.

"நீங்க எழுதித் திருத்த வேண்டாம்" என்றார் கடைசியில். அவர் குரல் மாறியிருந்தது. "இனிமே இவ தியரியை ஆத்துல எழுதிண்டு வரட்டும். எழுதினதை உங்களுக்கு வாய்விட்டுப் படிப்பா. தப்புன்னா நீங்க வாயால சொன்னாப் போறும்."

"சரிங்க சார்" என்றார் மிஸ். சட்டென்று எழுந்து, "காபி சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். அப்பா வெளியில் எங்கும் காபி குடிக்கிறவர் இல்லை. அன்றைக்குக் குடித்தார்.

வரும் வழியில், சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும்தான் அப்பா பேசினார். "கே.கே. நகரெல்லாம் வேண்டாம்" என்றார். "அவ தியரிதான் நடத்திண்டிருக்கா. வாயாலயே நடத்தறா. நோட்ஸும் கிடையாது, டெஸ்டும் கிடையாது, வாராவாரம் வைவா." ப்ராக்டிகல் பரீட்சையில் அப்பா மதிக்கும் ஒரே பகுதி வைவாதான். எதிரே உட்கார வைத்து வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள், அங்கே ஜாடை காட்ட ஆள் கிடையாது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மிஸ் எனக்காகப் பொய் சொன்னார். நான் செய்ததைக் கண்டுபிடித்து, என்னைக் காட்டிக்கொடுக்காமல், அப்பா முன்னால் தன் தப்பு என்று ஏற்றுக்கொண்டார். அதற்காக மிஸ் ஒரு நாளாவது என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார் என்று மாதக்கணக்கில் பயந்தேன். கேட்கவே இல்லை. எழுதியதை எல்லாம் சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது எனக்கு அப்பா கொடுத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பு முடியும்வரை அந்தத் தண்டனையை அனுபவித்தேன். எழுத்துப் பரீட்சையிலும் தேறினேன். தியரிக்கு எந்த டீச்சர் என்று அத்தை கேட்டபோது, "வைவா டீச்சர்" என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்துவிட்டார்.

சமீபத்தில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் லீவு போட்டு வந்து தினமும் காலையில் பேப்பரை வாய்விட்டுப் படித்தேன். மூன்றாம் நாள், "சத்தமா படி" என்றவர் தானே சிரித்துக்கொண்டார். "உங்க மிஸ் மாதிரி ஆயிட்டேன்டி நானும்."

"மிஸ் மாதிரின்னா?"

"அவருக்குக் கண்ணு தெரியாதோல்லியோ. நடமாட்டம் தெரியும், எழுத்து தெரியாது. நோக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஐந்து வருடங்களுக்கு மேல் அந்தக் கண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா சொன்னார். நோட்டை முதலில் பார்த்தபோதே அதில் ஏதோ கோளாறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏழாம் பக்கத்தில் நான் போட்டிருந்த சனிக்கிழமை வைகுண்ட ஏகாதசி. அன்றைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து நாங்கள் பாலம் தாண்டவே இல்லை, பரமபத வாசலுக்கு விடிகாலையிலிருந்து வரிசையில் நின்றோம். டிக்கும் தன் பேனாவில் போட்டது என்று கண்டுபிடித்துவிட்டார். மிஸ் முன்னால் என்னையே ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்றுதான் கூட வந்தாராம்.

"அவர் இல்லேன்னு சொல்லுவார்னு நெனச்சேன். நான் போட்டதுதான்னுட்டார். சரி, நீ சின்னவள்னு காப்பாத்தறார்னு பாத்தா, ஃபேன் காத்துல பக்கமெல்லாம் பொரண்டு கிடக்கு. அவர் கையில திறந்திருந்தது வெத்துப் பக்கம். ஒரு எழுத்து இல்லை. அதைப் பாத்துண்டு 'நான் போட்டதுதான்'ங்கறார்."

"ஏம்ப்பா அப்படிச் சொன்னா?"

"இல்லேன்னா, நன்னா பாருங்கோன்னு நான் சொல்லுவேன். பாக்க முடியாதுன்னு அப்போ சொல்ல வேண்டி வரும். போட்டேன்னு சொல்றது சுலபம்." பிறகு, "உங்கம்மாகிட்டகூட நான் சொல்லலை. வெளில தெரிஞ்சா நாலு பேர் கொழந்தைகளை நிறுத்திடுவா" என்றார்.

பேப்பரை மடித்து வைத்தேன். அந்த அறையில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். என்னைவிட அதிகம் பயந்த ஒருவர் கைநீட்டினால் தொடும் தூரத்தில் வெற்றுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் அட்டையில் இருந்த பதிமூன்றாம் வாய்ப்பாடு இன்றைக்கும் எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. முன்பக்கத்தில் என்ன திறந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கத்தான் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.